கடலோரக் கோட்டைகளும் அத்தையின் தண்ணீர்ச் செம்பும்

அரைப் பரீட்சை லீவு விட்டால் போதும், "எங்கேயாவது போகலாம்மா" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே என்று கேட்டால் ஊட்டி, கொடைக்கானல், அதைவிட்டால் ஏதாவது பொழுதுபோக்குப் பூங்கா. செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்து நாமும் "அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே?

இந்தத் தடவை எங்கள் வீட்டில் ஒரு புது யோசனை. சென்னையிலிருந்து தெற்கே கடலை ஒட்டியே தரங்கம்பாடி வரை போவது. வழியில் இடிந்து கிடக்கிற கோட்டைகள், பழைய துறைமுகங்கள் எல்லாவற்றையும் பார்ப்பது. சொந்தக் கார் பழசுதான், ஆனாலும் ஓடும். முதல் நாள் ராத்திரி புதுச்சேரியில் தங்கல்; இரண்டாம் நாள் மயிலாடுதுறையில் என் நாத்தனார் வீடு; மூன்றாம் நாள் தரங்கம்பாடி பார்த்துவிட்டு வீடு. மூத்தவள் ஒன்பதாவது படிக்கிறாள், சின்னவன் ஐந்தாவது. சரித்திரப் பாடத்தில் டச்சுக்காரர், டேனிஷ்காரர் என்று உருப்போடுகிறவர்கள் நேரிலே பார்க்கட்டுமே என்று இவரும் சம்மதித்துவிட்டார்.

அத்தைதான் வரமாட்டேன் என்றுவிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் வீட்டைப் பார்த்துக்கறேன். முட்டி வலியோட அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்?"

அறுபத்தேழு வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. ஆனால் தினமும் மாடி ஏறி வடாம் காய வைக்கிற கால்தான் அது! முட்டி வலி ஒரு சாக்கு என்று எனக்குத் தோன்றியது. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாத சமயம் பார்த்து மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மணிக்கு ஒரு தரம் எழுந்து போக வேண்டியிருக்கும்மா. ரோட்டோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, பேரன் முன்னாடி... அந்த அவஸ்தை எனக்கு வேண்டாம்" என்றார்கள்.

சகோதரிகளே, நம் வீட்டில் எத்தனை பெண்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகாமல் நின்றுவிடுகிறார்கள், தெரியுமா? வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அப்படியே கிளம்பினாலும் முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அதனால் வேறு தொந்தரவு வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கே நான் இவரிடம், "என்னங்க, ஒன்றரை மணிக்கு ஒரு தரம் வண்டி நிற்கணும். காபி குடிக்கிற சாக்கில் நிற்கட்டும். அத்தைக்காகன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். வழியில் எங்கெங்கே நல்ல ஓட்டல், எங்கெங்கே பெட்ரோல் பங்க் என்று மூத்தவள் ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்தாள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை உண்டு. பூட்டியிருந்தால் சாவி கேட்கலாம், தருவார்கள். கேட்பதற்கு வெட்கப்படவே கூடாது. நோட்டை அத்தையிடம் காட்டினேன். மறுநாள் காலையில் அத்தை தன் பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிறார்கள் என்று அர்த்தம்!

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மாமல்லபுரம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. காலை வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிடுவது நல்லது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. உப்புக் காற்று பட்டுப் பட்டுச் சிற்பங்களின் மூக்கும் விழியும் தேய்ந்து, மாவில் பிடித்த பொம்மை மாதிரி ஆகியிருக்கின்றன. 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மாமல்லபுரம் சேர்ந்தது. கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட்தான். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஐந்து ரதங்களும் கட்டியவை அல்ல, ஒவ்வொன்றும் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியது என்று சொன்னதும் சின்னவன் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து ஒட்டுப் போட்ட இடம் தேடினான்.

அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி செங்கல் கோட்டை ஒன்று நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்தது துணிக்காக. இந்தப் பக்கத்தில் நெய்த மெல்லிய மஸ்லினுக்கு அவ்வளவு கிராக்கி. கோட்டைக்குள்ளே தானியக் களஞ்சியம் இருக்கிறது. ஒரு மூலையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் அவர்கள் எழுத்தும் நுணுக்கமான செதுக்கலும். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். "எங்கேயோ பிறந்து இங்கே வந்து மண்ணாப் போயிருக்காங்க. இவங்க அம்மாக்களுக்குச் சேதி போய்ச் சேரவே வருஷம் ஆகியிருக்குமே" என்று அத்தை சொன்னார்கள். பிள்ளைகள் அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், அப்புறம்தான் கல்லில் இருந்த வருஷங்களைக் கூட்டிக் கழித்து வயசு பார்க்க ஆரம்பித்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆலம்பரை. கடப்பாக்கத்தில் பெரிய ரோட்டை விட்டு இறங்கிக் கடல் பக்கம் போகவேண்டும். நவாப் காலத்துக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் இங்கே நாணயம் அடித்தார்கள். கப்பல் சரக்கு ஏற்றப் படகுத்துறை இருந்தது. இப்போது முகத்துவாரத்துத் தண்ணீர் ஓரமாக, செங்கலும் சுண்ணாம்புமாகச் சுவர்கள் கடித்த முறுக்கு மாதிரி நிற்கின்றன. 2004 சுனாமியிலும் கொஞ்சம் சேதமாம். கடலையும் காற்றையும் சொல்லி என்ன பயன், நம் ஜனங்கள் செய்திருப்பதைப் பார்த்தால் அல்லவா மனசு வேகிறது! எட்டுகிற இடமெல்லாம் பெயர் கீறி, பக்கத்தில் அம்பு விட்ட இருதயம் வேறு. பிள்ளைகளை இப்படிப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போகும்போது முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சுவர் மேல் ஏறக் கூடாது, கீறக் கூடாது, ஒரு செங்கல் துண்டுகூட எடுக்கக் கூடாது.

இன்னொன்று. மணலில் கிளிஞ்சலும் உடைந்த கண்ணாடியும் கலந்து கிடக்கும். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் குத்தினதே தெரியாது, புண் பெரிசாகித்தான் தெரியும். ராத்திரி புதுச்சேரியில் வெந்நீரில் முகம் கை கால் கழுவியபின் அத்தையின் பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் மூத்தவள்தான் பார்த்தாள். இது தினமும் செய்யவேண்டிய காரியம். வீட்டுக் குழந்தைகளிடம் விட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

இரண்டாம் நாள் காலை அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், மாந்தோப்புக்கு நடுவே இருக்கிறது. மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1945-ல் இங்கே தோண்டியபோது ரோமாபுரியிலிருந்து வந்த மது ஜாடிகளும் மண்பாண்டங்களும் கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கப்பல் கப்பலாக வியாபாரம் நடந்திருக்கிறது! கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர் இது. தோண்டிய குழிகளை மூடிவிட்டதால் இப்போது பார்க்க இருப்பது கொஞ்சம்தான். நிற்கிற சுவர்கூடப் பிரெஞ்சுப் பாதிரிமார் காலத்தது. கிடைத்த பொருள்களைப் பார்க்கப் புதுச்சேரி அரும்பொருளகத்துக்குப் போகவேண்டும்.

அந்த மாந்தோப்பில்தான் அது நடந்தது.

இவரும் பிள்ளைகளும் ஆற்றுப் பக்கம் போயிருந்தார்கள். அத்தை ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மார்கழிக் குளிர் இன்னும் விலகவில்லை, ஆனால் அவர்கள் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கை நடுங்குகிறது. "என்ன அத்தை?" என்றால், "பால் பொங்கிடப் போகுது, அடுப்பைப் பாரு" என்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கைப்பையில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். 58!

பிளாஸ்க் மூடியில் தண்ணீர் ஊற்றி, மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து, மெதுவாகக் குடிக்க வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிஷம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பதினைந்து நிமிஷம் கிடையாது. திரும்பக் குத்தியபோது 94. கண் தெளிந்து, "ஏம்மா, ஏன் இப்படிப் பார்க்கறே?" என்றார்கள். உடனே இரண்டு இட்லி கொடுத்துச் சாப்பிட வைத்தேன்.

நடந்தது என்னவென்றால், அன்றைக்கு நீளமான பிரயாணம் என்று பயந்து, காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை, பலகாரமும் சாப்பிடவில்லை. தட்டில் இருந்ததைச் சின்னவனுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஆனால் வழக்கம்போல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டார்கள். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். ஆகாரம் உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கடகடவென்று இறங்கிவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நினைவு இருக்கும்போதுதான் வாய்வழியாகக் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான்.

இவர் ஓடி வந்தார். முகமே செத்துவிட்டது. "போதும், வண்டியைத் திருப்பறேன். வீட்டுக்குப் போகலாம்" என்றார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "டேய், தரங்கம்பாடியைப் பார்க்காம நான் திரும்பறதா இல்லே. எட்டாவது படிக்கறப்ப எங்க டீச்சர் சொன்ன ஊருடா அது. பள்ளிக்கூடத்தோட போகவேண்டியது, எங்கப்பா அனுப்பல. அப்புறம் கல்யாணம், நீங்க நாலு பேரு, உங்கப்பா வியாதி... எப்பதான் போறது?" இவருக்குப் பதில் வரவில்லை. எனக்கும்தான். இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் புழங்கியும் அத்தைக்கு இப்படி ஒரு ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது.

நேரே புதுச்சேரிக்குத் திரும்பி ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். அவர் எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு அத்தையிடம் தனியாகப் பேசினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "போகலாம், தப்பில்லை. ஆனா வேளாவேளைக்குச் சாப்பாடு, தண்ணீர். இன்னிக்கு வேற எங்கேயும் அலைய வேண்டாம். அடிக்கடி சிறுநீர் போறதை வயசுன்னு விட்டுடாதீங்க. சர்க்கரை ஜாஸ்தியானாலும் வரும், கிருமி இருந்தாலும் வரும். ஊருக்குப் போனதும் பரிசோதனை பண்ணுங்க."

ஆகவே அன்றைக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் இறங்கவில்லை. வண்டியில் போகிறபோதே இவர் கடலூர்க் கோட்டைக் கதையைச் சொன்னார். புனித டேவிட் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர்கள் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். எவ்வளவு நிலம் சேர்த்தி என்பதற்கு ஒரு வேடிக்கையான பேச்சு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரை. அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். "நல்ல பீரங்கியா பார்த்துத்தான் கொண்டு வந்திருப்பாங்க" என்று அத்தை சொன்னதும் வண்டியில் ஒரே சிரிப்பு. அப்போதுதான் எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது.

மூன்றாம் நாள் காலை தரங்கம்பாடி. ஊருக்குள் நுழையும் இடத்தில் வெள்ளை வாசல் ஒன்று, 1792-ல் கட்டியது. உள்ளே நேரான தெரு, இரண்டு பக்கமும் பழைய மாதாகோயில்களும் பங்களாக்களும். தெரு முடிகிற இடத்தில் கடல். வலது கைப்பக்கம் டேன்ஸ்பர்க் கோட்டை.

தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது இது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும். மேலே கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்த அறைகள். இப்போது அரும்பொருளகமாக இருக்கிறது. 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். (இந்த மாதிரி இடங்களுக்கு வார விடுமுறை உண்டு, என்றைக்கு என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.)

அத்தை பார்க்க நினைத்தது கோட்டையை மட்டும் அல்ல. 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். 1707-லேயே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வைத்தார். அச்சுக்கூடம் அமைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தமிழில் முதல் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் அச்சானது. ஆனால் நம் தமிழ்நாட்டு மண்ணில் அச்சு வேலை வேர் பிடித்தது இந்த ஊரில்தான். அவர் 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம் அப்படியே இருக்கிறது. அத்தை அதன் திண்ணையில் உட்கார்ந்து, "பொம்பளைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், இருநூறு முந்நூறு வருஷம் முன்னாடியே! எங்கப்பாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார்கள். மூத்தவள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழும்பியது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26-ல் இந்த ஊரிலும் அலை ஏறி எத்தனையோ பேரைக் கொண்டுபோனது. அதைச் சொன்னபின் பிள்ளைகள் அலையில் விளையாடக் கேட்கவில்லை. அத்தை செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், அன்றைக்கு அவர்கள் செம்பு நாலு தரம் நிரம்பியது. வண்டியும் அத்தனை தரம் நின்றது. ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை.

ஊர் திரும்பியதும் பரிசோதனை செய்தோம். சிறுநீரில் கிருமி இருந்தது. ஒரு வாரம் மருந்து சாப்பிட்டதில் அவஸ்தை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. எவ்வளவு நாளாக அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார்களோ!

தண்ணீரைக் குறைத்து, வந்த சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால் கிருமி தங்க வழி செய்த மாதிரிதான். சர்க்கரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தொந்தரவு இன்னும் சுலபமாக வரும். எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர் ஜுரம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பிள்ளை பெற்ற இளம் தாய்மார்களில் சிலருக்கு இருமினால், தும்மினால் சொட்டுச் சொட்டாகப் போகும். இதற்கும் தேகப்பயிற்சி இருக்கிறது, வைத்தியம் இருக்கிறது. வெட்கப்பட்டு வீட்டோடு முடங்க வேண்டாம்.

இனி, பை கட்டும்போது வைக்கவேண்டியவை. ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை, ஒரு டீஸ்பூன். நாலைந்து பாக்கெட் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி. அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலைதட்டி அளந்து கலக்கலாம். பேதியானால் குழந்தைக்கு இதுதான் முதல் மருந்து. பழைய பருத்திப் புடவை ஒன்று. ஒதுங்க இடமில்லாத இடத்தில் இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு ஆயிற்று, கைக்குழந்தைக்குத் தூளியும் ஆயிற்று. சோப்பு, ஒரு குப்பி தண்ணீர் தனியாக. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை. மத்தியானத்துக்குப் பால் தூக்கலாக விட்டுப் பிசைந்த தயிர்சாதம். மறுநாளுக்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். வண்டியில் குமட்டுகிற குழந்தையைப் புத்தகமோ போனோ பார்க்க விடாமல், ஜன்னலைத் திறந்து தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், "நான் வரலை, நீங்க போங்க" என்கிற பெரியவரிடம் ஏன் என்று தனியாக ஒரு வார்த்தை கேளுங்கள். அத்தை இப்போது செஞ்சிக் கோட்டைக்குப் படி எத்தனை என்று பேரனை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போய்வரச் சௌகரியமான பழைய கோட்டை ஏதும் இருந்தால் எனக்கு எழுதுங்களேன்!